மடிக்கணினியை இரண்டாகப் பிரித்த செவ்வாய்க்கிழமை

சென்ற ஆண்டு தை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல், காரிமங்கலத்தை அடுத்த எங்கள் சிற்றூரில், என் வீட்டுக் கூடத்தில் இது நிகழ்ந்தது.

தமிழாசிரியர் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் ஒன்பது ஆண்டுகளாக நான் ஒரே வேலையில் ஆழ்ந்திருந்தேன். மானாவாரி நிலத்து உழவர்கள் தம் நாவில் வழங்கும் சொற்களைத் தொகுப்பதே அவ்வேலை. சித்தேரி மலையூர்கள் வரை பேருந்தேறிச் சென்று, சாமையும் கேழ்வரகும் விளைவிப்போரிடம் கேட்டெழுதி, ஏறத்தாழ நாலாயிரம் சொற்களை என் மடிக்கணினியில் தட்டச்சிட்டிருந்தேன். அச்சொற்களை எனக்குச் சொன்னவர்களுள் சிலர் இன்று உயிரோடு இல்லை.

என் பழைய தட்டச்சு மென்பொருள் விண்டோஸில் மட்டுமே இயங்கும். ஆனால் லினக்ஸ் என்னும் இயங்குதளத்தைத் தலைமுதல் கால்வரை தமிழிலேயே அமைத்துக்கொள்ளலாம் என்று ஓர் இதழில் படித்த நாள்முதல் எனக்கு உறக்கம் கெட்டது. வன்தட்டைப் பிரித்து இரண்டையும் அருகருகே வைத்துக்கொள்ளலாம் என்றும் அவ்விதழே வழி சொல்லியிருந்தது. செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற என் மனைவியிடம் இதைத் தெரிவித்தேன்.

"நல்லா ஓடிட்டிருக்கறத எதுக்குங்க பிரிக்கறீங்க? இந்த வயசுல ரெண்டு வூடு கேக்குதா உங்களுக்கு?" என்றார்.

குறிப்பிட்ட அந்நாளில் எனக்கு வேறொரு கடமையும் இருந்தது. எங்கள் புன்செய்க் காட்டை ஒட்டிய நிலத்தை அண்ணன் தம்பி இருவர் பிரித்துக்கொள்ள இருந்தனர். அளக்கும்போது பக்கத்து நிலத்துக்காரன் என்ற முறையில் பதினொரு மணிக்கு நான் அங்கே நிற்க வேண்டும். அதற்குள் என் பிரிவினையை முடித்துவிடலாம் என்று காலை எட்டு மணிக்கே அமர்ந்துவிட்டேன்.

புதிய இயங்குதளத்தை ஏற்றுவதற்கு ஒரு பென்டிரைவ் தேவைப்பட்டது. என்னிடம் இருந்தது ஒன்றே ஒன்று. என் தொகுப்பின் ஒரே காப்புப்படியும் அதில்தான் இருந்தது. மூலம் கணினியில் இருக்கையில் என்ன குறைந்துவிடும் என்ற துணிவில் அதைத் துடைத்துப் பயன்படுத்தினேன்.

நிறுவும் பணி தொடங்கியதும் திரையெங்கும் தமிழ் மலர்ந்தது. வன்தட்டின் பகுதிகள் வரிசையாக நின்றன. லினக்ஸுக்கென நான் முன்னரே ஒதுக்கிய இடமும், விண்டோஸ் குடியிருக்கும் பெரும்பகுதியும் அடையாளம் தெரிந்தன. எல்லாவற்றுக்கும் முன்னால், வயலோரத்தில் ஏருக்கு உதவாமல் கிடக்கும் துண்டைப்போல, மிகச் சிறிய பகுதி ஒன்று இருந்தது. அதன் தலையில் எனக்கு விளங்காத மூன்று ஆங்கில எழுத்துகள். பயனற்றது என்று முடிவு செய்து, நீக்கச் சொன்னேன்.

உடனே ஓர் எச்சரிக்கை எழுந்தது. இம்மாற்றத்தை மீளப்பெற இயலாது என்றது. உறுதியாகத் தொடர விழைகிறீர்களா என்று கேட்டது. கணினி ஒன்று என்னை நோக்கி 'விழைகிறீர்களா' என வினவியது அதுவே முதன்முறை. மெய்சிலிர்த்துப் போனேன். மனைவியை அடுக்களையிலிருந்து அழைத்து உரக்கப் படித்துக் காட்டினேன். குறிப்பேட்டை எடுத்து அத்தொடரை எழுதியும் வைத்துக்கொண்டேன். பிறகு, விழைகிறேன் என்று வாய்விட்டுச் சொல்லியபடியே 'தொடர்க' என்பதை அழுத்தினேன். அந்த எச்சரிக்கையின் நடையை அத்தனை நயந்த நான், அது என்ன சொல்கிறது என்பதை ஒரு கணமும் எண்ணிப் பார்க்கவில்லை.

சற்றைக்கெல்லாம் நிறுவும் பணி நின்றுபோனது. பென்டிரைவை உருவிவிட்டு மீண்டும் இயக்கினேன். கருந்திரையில் ஒரே ஒரு வெள்ளை வரி, அதுவும் ஆங்கிலத்தில்: தொடங்குவதற்கு எதுவும் இல்லை என்று பொருள்படுவது. மும்முறை முயன்றேன். மும்முறையும் அதே வரி. அப்போதுதான், பென்டிரைவில் இருந்த காப்புப்படியையும் காலையிலேயே என் கையால் அழித்துவிட்டது நினைவில் வந்து உறைத்தது. ஒன்பது ஆண்டுகள். திரும்பக் கேட்டெழுதலாம் என்றால், சொன்னவர்கள் எங்கே? என் மனைவி கேலியை நிறுத்திவிட்டுச் சும்மா அருகில் வந்து அமர்ந்தார். எனக்கு அதுதான் மேலும் அச்சமூட்டியது.

பதினொன்றரை மணியளவில் வாசலில் குரல் கேட்டது. நில அளவைக்கு வந்திருந்த சர்வேயர், முப்பது வயது மதிக்கத்தக்க பெண்மணி, என்னைத் தேடி வீட்டுக்கே வந்துவிட்டார். பின்னால் அண்ணனும் தம்பியும், ஓராண்டாகப் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள், வாசலின் இரு பக்கங்களில் ஆளுக்கொரு திசை பார்த்து நின்றனர்.

"அய்யா, பக்கத்து நெலத்துக்காரரு வந்தாத்தான் சங்கிலியப் புடிக்க முடியும். எல்லாரும் வெயில்ல நிக்கறோங்க" என்றார் சர்வேயர்.

"அவரு எங்கம்மா வர்றது? கம்ப்யூட்டரப் பிரிக்கறேன்னு உக்காந்து ஒம்பது வருச எழுத்தத் தொலச்சிட்டு நிக்கறாரு" என்றார் என் மனைவி.

அப்பெண்மணி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"எத அழிச்சீங்க?"

"ஓரமா, எதுக்கும் ஒதவாத சின்னத் துண்டு ஒண்ணும்மா."

அவர் சிரித்தேவிட்டார். "அது ஒதவாத துண்டு இல்லீங்கய்யா, வண்டித்தடம். நெலம் அப்படியே இருக்கு. உள்ள போற தடத்த உழுதுட்டீங்க, அவ்ளோதான். காலேஜ்ல நானும் இதே தடத்த உழுதவதான்."

அதற்கு முன் எந்த விளக்கமும் எனக்கு அவ்வளவு விரைவில் புரிந்ததில்லை.

அவர் என் பென்டிரைவைச் செருகி, புதிய இயங்குதளத்தை நிறுவாமலேயே இயக்கி, அதன் வழியே பழைய பகுதியைத் திறந்தார். என் கோப்புறை அங்கே அசையாமல் இருந்தது. "மொதல்ல வெள்ளாமைய வூட்டுக்குக் கொண்டாந்துடலாம். தடத்த அப்பறம் பாக்கலாம்" என்று தம் பையிலிருந்து வேறொரு பென்டிரைவை எடுத்து யாவற்றையும் படியெடுத்தார். பிறகு அழிந்த பகுதியைத் தேடி மீட்கும் ஒரு மென்பொருளை ஓடவிட்டார். அது நத்தையாய் நகர்ந்தது. என் மனைவி வேகவைத்த மொச்சையைத் தட்டில் கொண்டுவந்து வைத்தார். தட்டு காலியாவதற்குள் விண்டோஸ் உயிர்பெற்றது.

எழுத்துகள் சிதையாமல் இருக்கின்றனவா என்று பார்ப்பதற்காகவே அவர் தொகுப்பைத் திறந்தார். திறந்தவர் மூடவில்லை. ஒவ்வொரு பக்கமாக நகர்த்திப் படித்தார். "இத எங்கம்மா சொல்லுவாங்க," "இத எங்கூர்ல வேற சொல்லுவோம்" என்று தமக்குள்ளே பேசிக்கொண்டார். பிழை முழுவதும் நீங்கட்டும் என்று அதை எவரிடமும் காட்டாமல் வைத்திருந்தேன் நான். அத்தொகுப்பின் முதல் வாசகர் அவர்தான்.

"அண்ணா, ரெண்டு பேரும் இங்க வாங்க. உங்க காடே இதுக்குள்ள இருக்கு" என்று வாசலைப் பார்த்து அழைத்தார்.

இருவரும் வந்தனர். அண்ணன் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றார்.

"பண்ணக்கீரையக் களைன்னு போட்டிருக்கீங்களே வாத்தியாரே. எங்க வூட்ல வாரத்துல ரெண்டு நாளு அதத்தான கடையறோம்."

"எழுதனவரு தின்னதில்ல போல," என்றார் தம்பி, அண்ணனைப் பார்க்காமல்.

"நல்லா வாரா வாரம் தின்னுட்டுத்தான் எழுதனாரு" என்றார் என் மனைவி.

ஏதோ ஒரு பயிர்நூலைப் பார்த்து அப்படி எழுதியிருந்தேன். தோற்றதை ஒப்புக்கொண்டு, அவர்கள் முன்னிலையிலேயே திருத்தினேன். அதன்பின் அவ்விருவரும் ஒரு கட்சியாகி, களை முதல் கலப்பை வரை என்னை ஒரு மணி நேரம் குடைந்தெடுத்தனர். அத்தனை சிரிப்பொலி எங்கள் கூடத்தில் எழுந்து நெடுநாளாகியிருந்தது.

அளவை பிற்பகலில்தான் தொடங்கியது. அங்கே அவர்கள் மனம்மாறி ஒன்றுபட்டார்கள் என்று நான் கதை சொல்ல மாட்டேன். ஒரு வேப்பமரம் எவர் பக்கம் என்பதில் மீண்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கல் நட்டு முடித்தபின் சர்வேயர் மறுபடி எங்கள் வீட்டுக்கு வந்து, லினக்ஸையும் முறையாக நிறுவிக் கொடுத்துவிட்டு, பொழுது சாய்வதற்குள் பேருந்து பிடித்தார்.

இப்போது தொகுப்பின் படிகள் அவரிடமும், அண்ணன் தம்பி இரு வீடுகளிலும், சித்தேரியிலும் இருக்கின்றன. வாரம் தவறாமல் எவரேனும் தொலைபேசியில் அழைத்து, நான் எழுதியது தவறு என்கிறார்கள். ஒன்பது ஆண்டு உழைப்பு மீண்டு வந்த அன்று நான் அடைந்த மகிழ்ச்சி பெரிதுதான். ஆயினும், அதைப் பிறர் உரிமையோடு திருத்தும் ஒவ்வொரு முறையும் எனக்கு உண்டாகும் மகிழ்ச்சி அதனினும் பெரிது என்பதைத் தனியே இருந்து எழுதிய அந்த ஒன்பது ஆண்டுகளில் நான் அறிந்திருக்கவே இல்லை.