அலுமினியம் சொல்லாமல் உருகும்

எங்கள் வளவில் இரண்டு வெல்டிங்காரர்கள் இருந்தார்கள். ஒருவரோடு ஒருவர் கதைக்க மாட்டார்கள். கோபம் ஒன்றும் இல்லை, மரியாதைதான் காரணம். ஒருவர் என் வாப்பா, மற்றவர் என் கணவர்.

ஊர் வழக்கப்படி கலியாணத்தோடு வீடு என் பேருக்கு வந்தது. வாப்பாவும் உம்மாவும் பின்வளவில் போட்ட சின்ன வீட்டுக்கு மாறினார்கள். என் கணவர் பாலமுனையிலிருந்து ஒரு சூட்கேசோடு வந்து முன்வீட்டில் குடியேறினார். பட்டறை மட்டும் பழைய இடத்திலேயே, முன்வளவில் தகரக் கூரைக்குக் கீழே கிடந்தது. மருமகனின் வளவுக்குள் நின்று வேலை செய்கிறோம் என்று வாப்பாவுக்குக் கூச்சம். மாமனாரின் வளவில் சும்மா குந்தியிருக்கிறோம் என்று கணவருக்குக் கூச்சம். ஒரே வளவில் இரண்டு விருந்தாளிகள். நடுவில் நான்.

நான்கடி தூரத்தில் கணவர் இருப்பார். வாப்பா என்னைக் கூப்பிடுவார்.

"புள்ள, மருமகன் டீ குடிச்சிட்டாரா எண்டு கேளு."

நான் திரும்பிப் பார்ப்பேன். கணவர் என்னிடமே சொல்வார்.

"குடிச்சிட்டன் எண்டு மாமாக்கிட்டச் சொல்லு."

"ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தானே கேக்குது?" என்று குசினியிலிருந்து உம்மா சத்தம் போடுவா. இரண்டு பேரும் கேளாதது போல் இருப்பார்கள்.

எங்கள் குடும்பத்தில் சாதாரண தரப் பரீட்சையைத் தாண்டிய முதல் ஆள் நான். கம்பஸ் போய்ப் பட்டம் எடுத்து, இப்போது உயர்தர வகுப்புக்குத் தொழினுட்பம் படிப்பிக்கிறேன். இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சமே கிடையாது. சொந்தக்காரப் பெண்களுக்குப் படிவம் நிரப்புவதும் நான்தான், ஆஸ்பத்திரிச் சீட்டை வாசித்துச் சொல்வதும் நான்தான். எங்கள் பாடத்தில் உருக்கி ஒட்டும் முறைகள் என்று ஓர் அலகு வரும். வேறு எந்த ஆசிரியையின் வீட்டிலும் அந்த அலகு முன்வளவில் பொறி பறக்க நடந்துகொண்டிருக்காது என்ற பெருமையோடுதான் அந்தப் பாடத்துக்குப் போவேன்.

வாப்பாவுடையது ஆர்க் வெல்டிங். கையில் ஒரு ரொட். அதன் மேல் பூசியிருக்கும் மருந்து எரிந்து புகையாகி, உருகிய இரும்பைக் காற்றுப் படாமல் காக்கும். கசடாக மேலே உறைந்ததைச் சுத்தியலால் தட்டி உதிர்க்க வேண்டும். கேட், ஜன்னல் கிறில், வயலுக்குள் இறங்கும் உழவு மெசினின் இரும்புச் சில்லு எல்லாம் அதில்தான். கொஞ்சம் துருவும் கொஞ்சம் சேறும் இருந்தாலும் அது பிடித்துக்கொள்ளும். மெல்லிய தகட்டை மட்டும் பொத்தலாக்கிவிடும்.

மிக் என்பது டவுனில் கேட் செய்கிற பெரிய கடைகளில் இருப்பது. துப்பாக்கி மாதிரி ஒன்றை அழுத்தினால் கம்பி தானாக ஓடி வரும். அதைச் சுற்றிக் காஸ் வந்து காவல் காக்கும். வேகத்துக்கு அதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் திறந்த வெளியில் அந்தக் காஸைக் காற்று தூக்கிக்கொண்டு போய்விடும். கச்சான் காற்று அடிக்கும் ஒரு காலத்தில், பொத்துவில் பக்கம் கடலோரத்தில் ஒரு படிக்கட்டை மிக்கால் ஒட்டினார்கள். ஒட்டு முழுக்க இடியப்ப உரல் போல ஓட்டை. பிறகு வாப்பா போய், அதே காற்றில் குந்தியிருந்து, ஆர்க்கால் திருப்பி அடித்துவிட்டு வந்தார். ஒரு கிழமைக்கு அந்தக் கதைதான் எங்கள் வீட்டில்.

என் கணவருடையது டிக். வெளிநாட்டில் எட்டு வருடம், பால் கொண்டுபோகும் குழாய்களை ஒட்டுவதே அவருக்கு வேலை. ஒரு கையில் டங்ஸ்டன் முனை, மறு கையில் நிரப்புகிற கம்பி, காலுக்குக் கீழே சூட்டைக் கூட்டிக் குறைக்கும் மிதி. பொறியும் பறக்காது, கசடும் வராது. ஒட்டிய கோடு, பன்புல் பாய்க்கு ஓரம் மடித்துப் பின்னியது போல ஒரே அளவில் போகும். மெதுவான வேலை, சுத்தமான வேலை. அழுக்கைக் கொஞ்சமும் பொறுக்காது.

வாப்பாவிடம் காஸ் டோர்ச்சும் ஒன்று உண்டு. இரண்டு சிலிண்டர், ஒரு நீலச் சுவாலை. கம்பி வளைக்க, பித்தளை ஒட்ட, இறுகிய நட்டைச் சூடாக்கிக் கழற்ற அதை எடுப்பார்.

இந்த நான்கையும் கரும்பலகையில் கட்டம் போட்டு எழுதுவேன். வேகம், சுத்தம், காற்று, எந்த உலோகத்துக்கு என்று நிரல்கள். "எது டீச்சர் எல்லாத்திலயும் நல்லது?" என்று பிள்ளைகள் கேட்டால் டிக் என்றுதான் சொல்வேன். புதுக் கலியாணம், வேறு எதைச் சொல்வது?

ஆனால் அவருடைய டிக் மெசின் எங்கள் பட்டறை மூலையில், ஒரு பழைய சாரத் துணியால் மூடியபடி கிடந்தது. கணவர் ஊருக்கு வரும்போது கொழும்பில் ஆசைப்பட்டு வாங்கி வந்தது. வாப்பா அதைத் தொட மாட்டார், அது மருமகனின் சாமான். கணவரும் தொட மாட்டார், அது மாமாவின் பட்டறை. லீவு முடிய மூன்று கிழமை இருந்தது. கம்பனியிலிருந்து போன் கோல் வரத் தொடங்கியிருந்தது.

"இஞ்ச எனக்கு என்ன வேல இரிக்கி, சொல்லு? கேட்டும் கிறிலும் மாமா பாக்காரு. நான் பாக்கிற வேலைக்கு இஞ்ச ஆரு வருவா?" என்பார்.

அவர் போகக் கூடாது என்பது மட்டும்தான் அந்த நாட்களில் எனக்கிருந்த ஒரே எண்ணம். ஆனால் நில் என்று சொல்லச் சொந்தமாக ஒரு காரணம் என் கையில் இருக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் பள்ளிவாசல் கிடாரம் வந்தது. நோன்புக் கஞ்சி காய்ச்சும் அலுமினியக் கிடாரம், ஓர் ஆள் உள்ளே குந்தலாம். பள்ளிவாசல் நிர்வாகத்தில் எங்கள் தெருவுக்கான மரைக்கார் அதைச் சின்னப் பட்டா லொறியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். அடியில் ஒரு சாண் நீளத்துக்கு வெடிப்பு.

"நாளைக்குப் பின்னேரம் பிறை பாக்கிற. கண்டாப் போச்சு, அடுத்த நாள் கஞ்சி" என்றார். பிறகு மூலையில் கிடந்த மெசினைப் பார்த்துச் சிரித்தார். "மருமகன் வெளிநாட்டு வெல்டிங்காரராமே. பொண்ணு வீட்டுக்காரரு பூட்டி வெச்சிருக்கீங்களா?"

"லீவுல வந்த மனிசன். அவருக்கிட்ட வேல வாங்கிறதா?" என்றார் வாப்பா. "வெச்சிட்டுப் போங்க. செஞ்சி தாறன்."

கணவர் உள்ளே ஜன்னல் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"நீங்களாப் போய்ச் செய்யுங்களன். வாப்பாக்கு அலுமினியம் பழக்கமில்ல" என்றேன்.

"நானாப் போய்க் கை வெச்சா, மாமாக்கு ஏலாமப் போச்செண்டு ஊரே கதைக்கும். அவரு கேட்டாச் செய்வன்."

பின்வளவுக்குப் போனேன். "வாப்பா, அவருக்கிட்ட ஒரு வார்த்த கேளுங்களன்."

"மருமகன வேல வாங்கித் திண்டவன் எண்டு பேரெடுக்கவா? அவராச் செஞ்சா வேற."

இரண்டு பேருக்கும் இடையில் மூன்று தடவை நடந்தேன். தொழினுட்பப் பட்டத்தை வைத்துக்கொண்டு என்னால் அந்தப் பத்தடியை ஒட்ட முடியவில்லை.

அடுத்த நாள் பின்னேரம் அஸர் தொழுகைக்குக் கணவர் பள்ளிவாசலுக்குப் போனார். வாப்பா போகவில்லை. மருமகன் வர முன்னம் அந்த வேலையை முடித்துவிட நினைத்திருக்கிறார். எங்கேயோ தேடி எடுத்த இரண்டு அலுமினிய ரொட்டை வைத்து ஆர்க் அடித்தார். நான் சத்தம் கேட்டு வெளியே வந்தபோது அவர் முகமூடியைத் தூக்கிவிட்டுக் கிடாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வெடிப்பு இருந்த இடத்தில் என் பெருவிரல் போகிற அளவுக்கு ஓர் ஓட்டை.

"இரும்பு செவந்து காட்டிப் போட்டுத்தான் உருகும் புள்ள. இது ஒண்டும் சொல்லல்ல. அப்படியே உழுந்திட்டுது."

வாப்பாவின் குரல் அப்படிச் சின்னதாகி நான் கேட்டதில்லை. ஊரில் எத்தனை வீட்டுக் கதவு அவர் கையால் ஆனது. பள்ளிவாசல் சாமானைப் பொத்தலாக்கியவர் என்று பேர் வந்தால் அவர் ஜும்ஆவுக்குப் பின் வரிசையில்தான் போய் நிற்பார்.

கணவர் படலையைத் திறந்துகொண்டு வந்தார். ஓட்டையைப் பார்த்தார், வாப்பாவைப் பார்த்தார். பிறகு என்னிடம் சொன்னார்.

"பழைய அலுமினியம். ஆரு அடிச்சாலும் இப்படித்தான் உழும் எண்டு மாமாக்கிட்டச் சொல்லு."

நான் சொல்லவில்லை. வாப்பா கேட்டுக்கொண்டுதானே இருந்தார்.

கணவரே மெசினை மூடியிருந்த சாரத்தை இழுத்தெடுத்தார். ஓட்டைக்கு அளவாக ஒரு துண்டு வெட்டினார். அலுமினியத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு தோல் இருக்கிறது. உள்ளே இருப்பது உருகி ஓடினாலும் அந்தத் தோல் உருகாது. திசை மாறி மாறி ஓடுகிற கரண்டில் வைத்து அடித்தால்தான் அது உடையும். அதற்குரிய சுவிட்சை மாற்றிவிட்டு மிதியில் கால் வைத்தார். நான் கொஞ்சம் நிமிர்ந்துதான் நின்றேன். கரும்பலகையில் நான் எழுதியது கண்ணுக்கு முன்னால் நடக்கப் போகிறது.

இரண்டு அங்குலம் போயிருக்காது, ஒட்டு கருத்துப் பொங்கியது. ஊசி குத்தியது போல ஓட்டைகள். அரைத்துவிட்டுத் திரும்ப அடித்தார். திரும்பவும் அதே.

"என்ன டீச்சர், போட்ல டிக் எண்டா சுத்தம் எண்டுதானே எழுதின?" என்றார் எரிச்சலோடு.

உம்மா வந்து கிடாரத்துக்குள் தலையை விட்டு மோந்து பார்த்தா.

"எத்தின வருசத் தேங்காப்பால் உள்ளுக்க ஊறியிரிக்கி. ஆட்டெலும்பு நெய் வேற. மேலால தேச்சா அது போகுமா?"

அதுதான் விஷயம். வெடிப்புக்குள் இறங்கிய கொழுப்பு சூடு பட்டதும் புகையாக மேலே வந்துகொண்டிருந்தது. எந்தப் புத்தகத்தின் எந்தக் கட்டத்திலும் கஞ்சிக்கு நிரல் இல்லை. உம்மாவும் நானும் புளியும் தேங்காய்த் தும்பும் போட்டுத் தேய்த்தோம். கணவர் புதுக் கம்பித் தூரிகையால் வெடிப்பைச் சுரண்டினார். ஆனால் உள்ளே இருப்பதை எரித்துத்தான் எடுக்க வேண்டும். அடித்து முடியும்வரை அந்த இடம் சூடு ஆறாமல் இருக்கவும் வேண்டும். அவருக்கு இரண்டு கையிலும் வேலை, காலிலும் வேலை. சூடு காட்ட வேறொரு கை வேண்டும்.

நான் காஸ் டோர்ச்சை எடுக்கப் போனேன்.

"நீ விலகு புள்ள" என்றார் வாப்பா.

டோர்ச்சை அவர் எடுத்துப் பற்றவைத்தார். மஞ்சளாய்ப் பாய்ந்த சுவாலையைத் திருகி நீலமாக்கினார். கணவர், சூட்டின் அளவு தெரிய, உடுப்புச் சவர்க்காரத்தால் கிடாரத்தின் அடியில் ஒரு கோடு இழுத்தார்.

"இது கோப்பி நிறமா வந்தா நிப்பாட்டச் சொல்லு" என்று என்னைப் பார்த்தார். நான் வாய் திறக்கும் முன்னம் வாப்பா கேட்டார்.

"கறுக்க உடப்படாதா, மருமகன்?"

கணவர் என்னை விட்டு வாப்பாவின் பக்கம் திரும்பினார்.

"கறுத்தாக் கூடிப் போயிரும் மாமா. சொல்லாம உழுந்திரும்."

"அது எனக்குத் தெரியும்" என்றார் வாப்பா. இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். உம்மா என் கையை நுள்ளினா.

வெடிப்பிலிருந்து கறுப்புப் புகை வந்து பிறகு வெளுத்து நின்றது. சவர்க்காரக் கோடு மெல்ல நிறம் மாறியது. கணவர் குனிந்தார், மிதி அழுந்தியது. அடுத்த அரை மணித்தியாலம் அந்த இரண்டு பேரும் கதைத்தது, கலியாணம் நடந்த நாளிலிருந்து அன்றுவரை கதைத்ததை விடக் கூடுதல். "இடப்பக்கம் காட்டுங்க மாமா." "போதுமா?" "இன்னம் கொஞ்சம். கிட்ட வேணாம்." "கை கடுக்குது, கொஞ்சம் நில்லுங்க மருமகன்." "அவசரமில்ல மாமா, இருந்து காட்டுங்க." இடையில் என்னை ஒருவரும் கூப்பிடவில்லை. நான் வேலை போன மொழிபெயர்ப்பாளர் போல ஓரமாக நின்றேன். அவ்வளவு சந்தோசமாக நான் எந்த வேலையையும் இழந்ததில்லை.

முடிந்ததும் மூன்று கல் வைத்துக் கிடாரத்தை ஏற்றித் தண்ணீர் நிரப்பினோம். உம்மா அடியில் உலர்ந்த அரிசிமாவைத் தூவினா. ஒரு சொட்டு கசிந்தாலும் மாவில் தெரியும். எல்லோரும் குந்தியிருந்து பார்த்தோம். மா வெள்ளையாகவே இருந்தது. வாப்பா விரலால் அந்த ஒட்டை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை தடவினார். திரும்பவும் தடவினார்.

மஃரிப் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் பிறை கண்ட செய்தி வந்தது. மரைக்கார் வந்து கிடாரத்தை ஏற்றினார். "ஆரு அடிச்ச?" என்று கேட்டார்.

"நாங்க ரெண்டு பேரும்" என்றார் வாப்பா. மரைக்கார் அதோடு விடவில்லை. பக்கத்துப் பள்ளிவாசலிலும் இரண்டு கிடாரம் இப்படிக் கிடக்கிறதாம். ஒலுவில் துறைமுகத்தில் ஒரு படகுக்காரருடைய அலுமினிய எண்ணெய்த் தாங்கி ஒழுகுகிறதாம், கொழும்புக்கு அனுப்ப இருந்தாராம். சொல்லிவிட்டுப் போனார்.

நான் தராவீஹ் தொழுகைக்குப் போக உடுப்பு மாற்ற உள்ளே போனேன். ஜன்னல் திறந்திருந்தது. வாப்பா டோர்ச் குழாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார், கணவர் மெசினைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எப்ப திரும்பப் போறீங்க?" என்று வாப்பா கேட்டார். நேரடியாக, அவரிடமே.

"போகல்ல மாமா."

"புள்ளக்கிட்டச் சொல்லிட்டீங்களா?"

"இன்னம் இல்ல."

இத்தனை நாளாக நான் தூக்கமில்லாமல் காத்திருந்த பதிலை அவர் முதலில் சொன்னது என் வாப்பாவிடம். கோபம் வந்ததா என்று கேட்டால், வந்தது. வெளியே போய் ஒரு வார்த்தை கேட்கத்தான் முந்தானையை இழுத்துப் போர்த்தினேன். அதற்குள் வாப்பா, "இந்த மெசின மூலைல வெச்சா ஒங்களுக்குக் கை எட்டாது. என்ட மேசய அங்கால தள்ளுவம், பிடிங்க" என்றார். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அந்த இரும்பு மேசையைத் தரையில் உரச உரச இழுத்தார்கள். நான் வாசலில் நின்று, அவர்கள் இழுத்து முடியட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.