அல்பீனாவின் பெயர் தாங்கிய ரோஜா

அல்பீனா குல்ஹானெக்கைத் தேடி யாரும் போனதில்லை. நாங்களும் போகவில்லை. அவர் வேலியோர ரோஜாவைத் தேடித்தான் போனோம். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், பின்னால் யாரும் என்னை நல்லவள் என்று நினைத்துவிடக் கூடாது.

எங்கள் டெக்சஸில் பழைய ரோஜாப் பைத்தியங்களுக்கென்று ஒரு சங்கம் உண்டு. இடிந்த வீடு, கல்லறைத் தோட்டம் என்று அலைவோம். நான் இருபத்தெட்டு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள், வாயும் கொஞ்சம் நீளம். அதனால் கதவைத் தட்டும் வேலை என்னுடையது. கேட்காமல் வெட்டுவதில்லை, மண்வெட்டி எடுத்துப்போவதில்லை. வீட்டில் நட்டுத் துளிர்க்கவைக்கப் பென்சில் கனத்துக்கு நாலு குச்சி வெட்டி, ஈரச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு வந்துவிடுவோம். ரோஜாவின் பெயர் தொலைந்து போயிருந்தால், நிஜப் பெயர் தெரியும்வரை அது கிடைத்த வீட்டுக்காரர் பெயரையே வைப்பது வழக்கம்.

அந்த அக்டோபரில் என்னோடு வந்தவர் வெண்டல் ஓட்ஸ். மருந்துக்கடை வைத்திருந்தவர். ரோஜா விஷயத்தில் எள்ளுக்குள் எண்ணெய் எவ்வளவு என்று கேட்கிற ஆள். சரளைக்கல் பாதையின் கோடியில் தகரக் கூரை வீடு. வேலியில் ஆளுயரத்துக்கு ஒரு செடி, வெளிறிய ஆப்ரிகாட் பழ நிறத்தில் தலை கவிழ்ந்த பூக்கள். வெண்டல் மூக்கை உள்ளே விட்டவர் எடுக்கவே இல்லை. நான் கதவைத் தட்டியதும் அல்பீனா வெளியே வந்து பெயரைச் சொன்னார்.

"மிஸ் அல்பீனா, இது என்ன ரோஜான்னு தெரியுமா?" என்று நான் கேட்டேன்.

கையைத் துடைத்துக்கொண்டு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "தெரியலையேம்மா. எங்கப்பா வச்சது."

"பேர் தெரியலைன்னா உங்க பேரைத்தான் வைப்போம்!" என்று வெண்டல் சின்னப் பிள்ளை மாதிரி குதித்தார்.

"என் பேரையா? செடி பட்டுப்போயிடும் பாத்துக்கோங்க" என்று சிரித்தார்.

பட்டுப்போகவில்லை. ஒரு நாற்றுப்பண்ணை அதை அவர் பெயரிலேயே விற்றது. நான் சங்க இதழில் அவர் முகவரியைப் போட்டேன். கடிதங்கள் வரத் தொடங்கின. 'உங்கள் ரோஜா எங்கள் மகள் கல்யாணத்தன்று பூத்தது' என்று ஜார்ஜியாவிலிருந்து ஒருத்தி எழுதினாள். அல்பீனா ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதினார். கல்யாணம் செய்துகொள்ளாதவர், கூட இருந்த தம்பியும் போய்ச் சேர்ந்துவிட்டான். தேவாலயத்திலோ மாதம் ஒரு ஞாயிறுதான் பூசை. நான் ஆண்டுக்கொரு முறை போய்க் குச்சி வெட்டுவேன். அவர் படியில் நின்று கடிதங்களைப் படித்துக் காட்டுவார். நான் கார் சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்பேன்.

ஏழாவது வருஷம் வெண்டல் ஒரு பழைய பிரெஞ்சு நாற்றுப்பண்ணை விலைப்பட்டியலைத் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்கு வந்தார். ரோஜாவின் நிஜப் பெயர் 'மதாம் க்ளோதில்த் வெர்னே'யாம். இதழை எண்ணி, முள்ளை எண்ணி நிரூபித்தார். பெயரை மாற்றுவதென்று கை தூக்கினோம், நானும்தான் தூக்கினேன். உண்மை உண்மைதானே. ஆனால் போய்ச் சொல்வது யார் என்றதும் அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள்.

அல்பீனா கசகசா வைத்த கொலாச்சி ரொட்டி சுட்டு வைத்திருந்தார். கிழவிக்கு மிஞ்சி இருப்பதே அந்தக் கடிதங்கள், அதையும் பிடுங்க வந்திருக்கிறோமே என்று எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரே மூச்சில் சொன்னேன்.

"மதாம் க்ளோதில்த் வெர்னே" என்றார் அவர். நான் சொன்னதைவிடச் சுத்தமாக.

உள்ளே போய் ஒரு சின்ன ஈயத் தகட்டை எடுத்துவந்து என் உள்ளங்கையில் வைத்தார். அதே பெயர் அதில் பொறித்திருந்தது. "எங்கம்மாவுக்குன்னு அப்பா தபால்ல வரவழைச்சது. செடியோட கட்டி வந்துச்சு."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "அன்னிக்கே தெரியுமா? ஏழு வருஷமா எங்களை முட்டாளாக்கினீங்களா?"

"பேரைச் சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பே? நோட்டுல எழுதிக்கிட்டு அப்பவே காரை எடுத்திருப்பே." அவர் குரலில் கோபம் இல்லை. "அதுக்கு முன்னாடி பதினொரு மாசமா இந்தக் கேட்டை ஒருத்தரும் தொறக்கலைடி. நீங்க ரெண்டு பேரும் எம் பதிலுக்காக அப்படி நின்னுக்கிட்டிருந்தீங்க. பேரைச் சொல்ல வாய் வரல."

ரொட்டியை ஒரு துணியில் கட்டிக் கொடுத்தார், வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நாற்றுப்பண்ணையில் பெயர் அட்டைகள் மாறின. தகட்டைப் பற்றி நான் சங்கத்தில் மூச்சுவிடவில்லை. அடுத்த வசந்தத்தில் அவருக்கு இரண்டு கடிதம் வந்ததாம். அதற்குப் பிறகு மின்சார பில்தான். அக்டோபரில் போக எனக்குக் காரணம் இல்லை, போகவும் இல்லை. குச்சிதான் போதுமான அளவு இருந்ததே.

ஜனவரியில் ஒரு நாள், செடியில் பூவும் இல்லாத நேரம், காரை அந்தப் பக்கம் திருப்பினேன். ஹாரன் சத்தம் கேட்டு மேல்கோட்டை மாட்டியபடியே ஓடிவந்தார். கையில் கத்தரிக்கோல்.

"இந்தக் குளிர்லயா குச்சி வெட்ட வந்தே?"

"குச்சிக்கு வரல, மிஸ் அல்பீனா."

கத்தரிக்கோலைத் தாழ்த்தினார். என் தோளுக்குப் பின்னால் காரை எட்டிப் பார்த்தார். அதில் யாரும் இல்லை. சாலையின் இரண்டு பக்கமும் பார்த்தார்.

"அப்ப யாரைப் பாக்க வந்தே?" என்று கேட்டார்.