உட்காரும்போது வருகிற சொல்

அந்த நர்சரியில் பெரியவர்களுக்கென்று ஒரு கதிரை கிடையாது. இருந்ததெல்லாம் முழங்காலுக்குக் கீழே நிற்கும் நீல நிறப் பிளாஸ்டிக் கதிரைகள். நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்த எனக்கு அதில் உட்காருவதே தனி வேலை. முதலில் ஒரு கையை மேசையில் ஊன்ற வேண்டும், பிறகு முழங்காலை மடிக்க வேண்டும், கடைசியில் மிச்ச உடம்பை ஆண்டவன் விட்ட வழியென்று கீழே போட வேண்டும். காலையில் நர்சரி, பின்னேரம் கிங்ஸ்பரியில் ஒரு பலசரக்குக் கடையின் கல்லாப்பெட்டி. அந்த வருடங்களை நினைத்தால் முகங்களுக்கு முன் களைப்புத்தான் ஞாபகத்துக்கு வருகிறது.

அது வடமேற்கு லண்டனில், ஹெண்டன் பக்கம், யூதர்கள் நடத்திய நர்சரி. ஓட்டிசம் என்கிற வளர்ச்சிக் குறைபாடு உள்ள ஒரு பிள்ளைக்குத் துணையாக இருக்க ஆள் தேடினார்கள். கவுன்சில் நடத்திய ஒரு சின்னப் பயிற்சியைத் தவிர என்னிடம் வேறு தகுதி இருக்கவில்லை. முதல் வாரத்தில் தலைமை ஆசிரியை, “வெள்ளிக்கிழமை ஷபாத், எல்லோரும் நேரத்தோடு போய்விட வேண்டும்” என்றார். எனக்கு அது சப்பாத்து என்று கேட்டது. அந்த வெள்ளி, பிள்ளைகளின் சப்பாத்துகளையெல்லாம் துடைத்து வாசலில் சோடி சோடியாக அடுக்கி வைத்துவிட்டு, சொன்ன வேலையைச் செய்த நிம்மதியோடு நின்றேன். அவர்களுடைய ஓய்வுநாளுக்கு அதுதான் பெயர் என்று பிறகு சொல்லித் தந்தார்கள். அன்று அவர்கள் சிரித்த சிரிப்பில்தான் நான் அந்த இடத்தில் ஒருத்தி ஆனேன். அதற்குப் பிறகு எல்லோருக்கும் நான் மிஸ்.

எனக்குத் தந்த பையனுக்கு அப்போது நாலு வயது முடிந்திருந்தது. வெள்ளைப் பூனை மயிர் போலத் தலை, காதோரம் அவர்கள் வழக்கப்படி விட்ட சுருள். ஒரு சொல் பேசமாட்டான். பார்த்துச் செய்யவும் மாட்டான். கைதட்டினால் தட்டமாட்டான், கையசைத்தால் அசைக்கமாட்டான். யாராவது பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் எழுந்து போய்விடுவான். தாய் உட்கார்ந்தாலும் அப்படித்தான். ஒரு கதிரையை இடையில் வெறுமையாக விட்டு நான் இருந்தால் மட்டும் பொறுத்துக்கொள்வான். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவே அந்த வெறுங்கதிரை எப்போதும் இருந்தது.

செப்டம்பரில் அவன் பெரிய பள்ளிக்குப் போக வேண்டும். எந்தப் பள்ளி என்பதுதான் அந்த வீட்டைத் தின்றுகொண்டிருந்த கேள்வி. அவர்களுடைய சமூகப் பள்ளியோடு ஒட்டி ஒரு விசேட வகுப்பு இருந்தது. வீட்டிலிருந்து நடக்கிற தூரம், அவர்கள் முறைப்படியான சாப்பாடு, அவர்கள் பாட்டு, அவர்கள் பண்டிகை. ஆனால் பலவிதக் குறைபாடுள்ள பிள்ளைகள் எல்லோரும் ஒன்றாக இருக்கிற வகுப்பு. ஓட்டிசம் தெரிந்த ஆசிரியர் இல்லை. மற்றது நோர்த் சர்க்குலர் வீதிக்கு அப்பால், கவுன்சில் நடத்தும் ஓட்டிசப் பள்ளி. தகப்பன் முதலாவதைப் பிடித்தபிடியில் நின்றார். மார்கழி மாதத்தில் மூன்றரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும், வீட்டில் ஷபாத் மெழுகுவர்த்தி ஏற்றும் நேரத்தில் என் மகன் யாரோ ஓட்டும் பள்ளி வாகனத்தில் இருப்பானா என்று கேட்டார். பதின்மூன்று வயதில் சபைக்கு முன்னால் நின்று வேதம் வாசிக்கப்போகிற பிள்ளையை அங்கே யாருக்குத் தெரியும் என்றும் கேட்டார். எனக்கு அந்த மனிதரில் கோபம் வரவில்லை. சனிக்கிழமைதோறும் காய்ச்சலோடும் பிள்ளையைத் தமிழ்ப் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போகிற எங்கள் சனத்தை எனக்குத் தெரியும்.

தாய் இரண்டையும் பார்க்கப் போனபோது என்னையும் கூட்டிப்போனார். சமூக வகுப்பில் எங்களைக் கட்டிப்பிடிக்காத குறையாக வரவேற்றார்கள். சமையல்காரப் பெண் சூப் கொண்டுவந்தாள். பிள்ளைகள் வட்டமாக நின்று கைதட்டிப் பாடினார்கள். நல்ல பாட்டு, எனக்கே கால் தாளம் போட்டது. பையன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, கோட்டுகள் மாட்டியிருந்த இடத்துக்குள் புகுந்து முகத்தை மறைத்துக்கொண்டான். மற்றப் பள்ளியில் சுவரில் ஒரு படமும் இல்லை, சத்தமும் இல்லை. ஒவ்வொரு பிள்ளையின் மேசையிலும் அடுத்து என்ன நடக்கும் என்பதைக் காட்டும் பட அட்டைகள் வரிசையாக ஒட்டியிருந்தன. ஓர் ஆசிரியை பேசாமல் வாசல் படத்தைக் காட்டினார், பையன் வாசலுக்கு நடந்தான். திரும்ப வந்து காரில் ஏறியதும் தாய் அதை ஸ்டார்ட் பண்ணாமல் என் பக்கம் திரும்பினார். “எங்களவர் ஒருவருமே இல்லாத இடத்தில் என் பிள்ளை அமைதியாக இருக்கிறான். இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது, மிஸ்?” என்றார்.  எனக்குக் கடைக்கு நேரமாகிறதே என்ற கவலையும் இருந்தது, பொய் சொல்வானேன்.

அதற்குச் சில நாள் கழித்துத்தான் அது நடந்தது. அன்றைக்குத் தாய்க்குச் சுகமில்லை, பையனைக் கூட்டிப்போகத் தகப்பன் வந்தார். அந்நியப் பெண்களுக்குக் கைகொடுக்காத, கண்ணை நிலத்தில் வைத்தே கதைக்கிற மனிதர். சப்பாத்து மாட்டுவதற்காகப் பையன் தன் நீலக் கதிரையில் உட்கார்ந்தான். உட்காரும்போதே, தெளிவாக, நீட்டி, “அப்பா” என்றான். தகப்பன் வாசற்படியில் நின்றபடியே வாயைப் பொத்திக்கொண்டார். எபிரேய மொழியிலும் தகப்பனுக்கு அப்பா என்றுதான் சொல்வது. அந்தப் பெரிய மனிதர் தொப்பி விழுந்ததுகூடத் தெரியாமல் அழுதார், நானும் அழுதேன், தலைமை ஆசிரியையும் அழுதார்.

அடுத்த நாளுக்குள் அந்தத் தெரு முழுக்கக் கதை பரவிவிட்டது. நர்சரிக்கு கேக் வந்தது, பூ வந்தது. தகப்பனுக்கு முடிவு தெளிவாகிவிட்டது: எங்கள் நடுவில் இருந்துதான் பேசத் தொடங்கினான், இனி எங்கள் வகுப்புத்தான். தாயும் தலையாட்டிவிட்டார். எதிர்த்துச் சொல்ல அவரிடம் என்ன இருந்தது?

கேக் வந்த அன்று இரவு கடை வேலையும் முடித்து வந்து, இந்தப் புதினமான செய்தியை என் மனுசனிடம் சொல்லிக்கொண்டே சோபாவில் விழுந்தேன். அவர் என்னைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினார்.

“இப்ப நீ என்ன சொன்னனி?”

“நான் ஒண்டும் சொல்லேல்லையே.”

“சோபாவில இருக்கேக்க சொன்னியே, அப்பா எண்டு. நீ எங்க குந்தினாலும் அப்பா எண்டுதானே குந்திறனி. பெடியன் உன்னைப் பாத்தெல்லோ சொல்லுறான்.”

“சும்மா இருங்கோ, பாவம் அந்த மனிசன்.”

“நான் என்ன செய்ய? நல்ல காலம், நீ முருகா எண்டு சொல்லுற ஆள் இல்லை. அந்தச் சனம் என்னெண்டு நினைச்சிருக்கும்?”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள் கவனித்துப் பார்த்தேன். நான் மேசையில் கையூன்றி உட்காருகிறேன், என்னை அறியாமல் வாயிலிருந்து அது வருகிறது. ஒரு கதிரை தள்ளி அவனும் மேசையில் கையூன்றுகிறான், முழங்காலை மடிக்கிறான், உட்காருகிறான். “அப்பா.” என் களைப்பை அப்படியே, இழுவை குறையாமல் எடுத்து வைத்திருந்தான். தகப்பனையல்ல, ஒருவரையுமே அவன் கூப்பிடவில்லை. 

அது வெள்ளிக்கிழமை. நேரத்தோடு வந்த தாயை ஒரு பக்கமாக அழைத்துச் சொன்னேன். தமிழர் களைத்து உட்காரும்போது இப்படிச் சொல்வோம் என்று விளக்கினேன். அவருக்கு விளங்கவில்லை. “செய்து காட்டுங்கள்” என்றார். நான் உட்கார்ந்தேன், சொன்னேன். அவன் உட்கார்ந்தான், சொன்னான். தாய் சிரிக்கத் தொடங்கினார், சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று தெரியவில்லை. “இரண்டு வருடமாக எல்லா டொக்டர்மாரும் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, யாரையாவது பார்த்துச் செய்கிறானா என்பதுதான். இல்லை, இல்லை என்று சொல்லிச் சொல்லியே எனக்கு அலுத்துவிட்டது. மிஸ், இவன் உங்களைப் பார்த்திருக்கிறான்” என்றார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இன்றைக்கு அவருக்குச் சொல்ல வேண்டாம். இந்த ஷபாத் மட்டும் அவருக்கு இருக்கட்டும்” என்றார்.

திங்கட்கிழமை காலை பையனோடு தகப்பன் வந்தார். ஷபாத் முடிந்ததும் தாய் சொல்லியிருக்க வேண்டும்; இரண்டு நாள் நித்திரை இல்லாத முகம். “உங்கள் மொழியில் அந்தச் சொல்லுக்கு என்ன கருத்து?” என்று நிலத்தைப் பார்த்தபடி கேட்டார்.

“அதுவும் தகப்பன்தான், சேர்.”

“அப்படியென்றால் உட்காரும்போதெல்லாம் உங்கள் தகப்பனைக் கூப்பிடுகிறீர்களா?”

“இல்லை. கருத்தை நினைத்துச் சொல்வதில்லை. சும்மா வரும்.”

அவர் தலையாட்டினார். கோபிப்பார் என்று நினைத்திருந்தேன், கோபிக்கவில்லை. கோபிக்கிற தெம்பு அவரிடம் இல்லை. “எத்தனை பேர் எத்தனை பாட்டைச் சத்தம் போட்டுச் சொல்லிக்கொடுத்தோம். ஒன்றும் அவனுக்குள் போகவில்லை. தள்ளி உட்கார்ந்து ஒருவர் விட்ட மூச்சு போயிருக்கிறது. அவனுக்கு அந்த அமைதியான இடம்தான் சரி போலிருக்கிறது” என்றார். வெள்ளிக்கிழமைகளில் மத்தியானமே தாய் போய்க் கூட்டிவருவதென்று முடிவாயிற்று. செப்டம்பரில் அவன் நோர்த் சர்க்குலரைத் தாண்டிப் போனான். எனக்கு வேறு ஒரு பிள்ளையைத் தந்தார்கள்.

இப்போது நான் நர்சரியிலும் இல்லை, கடையிலும் இல்லை. ஸ்ரான்மோரில் மகளுடைய வீட்டில் நல்ல உயரமான கதிரைகளில் இருக்கிறேன். அந்தப் பையனுக்கு இருபது வயது கடந்திருக்கும். அவன் பேசினானா, சபைக்கு முன்னால் நின்றானா என்று எனக்குத் தெரியாது. சரியான பள்ளியைத்தான் தேர்ந்தெடுத்தார்கள் என்பதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. ஆனால் சரியானதைச் செய்வதற்கு அந்தத் தகப்பன் கொடுத்த விலை என்ன என்பது அவன் அங்கே போன வருடக் குளிர்காலத்தில் வந்த ஒரு தொலைபேசி அழைப்பில்தான் தெரிந்தது.

அன்று நான் கடையிலிருந்து வந்து கோட்டைக்கூடக் கழற்றவில்லை. பையனின் தாய் பேசினார். நல்ல செய்திதான்: படத்தைக் காட்டித் தண்ணீர் கேட்கிறான், கரண்டியால் சாப்பிடுகிறான், காதைப் பொத்துவது குறைந்திருக்கிறது. “ஆனால் அந்தச் சொல் போய்விட்டது, மிஸ். கொஞ்ச நாள் இருந்தது. அங்கே யாரும் அப்படி உட்காருவதில்லை.” சற்றுப் பொறுத்து, “அவனுடைய அப்பா பக்கத்தில் நிற்கிறார். எப்படிச் சொல்வது என்று ஒருமுறை அவருக்குச் சொல்லிக் காட்ட முடியுமா?” என்றார்.

நின்றபடி சொல்லிப் பார்த்தேன். பாடப்புத்தகச் சொல் போல வந்தது. கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்தேன். அது தானாக வந்தது. மறுபக்கத்தில் தகப்பன் சொன்னார். சரியில்லை. “சேர், அது ஆளைக் கூப்பிடுகிற அப்பா. இது அப்படியில்லை. உடம்பைக் கீழே வைக்கும்போது வர வேண்டும். களைத்திருக்க வேண்டும்” என்றேன்.

“களைப்புக்கு இங்கே குறைவில்லை” என்றார். கதிரை இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு, நீட்டி, எங்கள் ஆட்கள் வேலை முடிந்து வந்து சொல்வது போலவே, அந்த மனிதர் “அப்பா” என்றார்.

 நான் காத்திருந்தேன்.

“பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை” என்றார் தாய், மிகவும் மெல்லிய குரலில். “வந்து அவருக்குப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்திருக்கிறான்.”