விதைநெல்லைத் தண்ணீரில் போட்ட நாள்

விதைநெல் மூட்டையைத் தண்ணீரில் போட்ட பிறகு யோசிப்பதற்கு ஒன்றும் இல்லை. எங்கள் பக்கத்து வெள்ளாமைக்காரர் எல்லோருக்கும் இது தெரியும். ஒரு பகலும் ஓர் இரவும் வாய்க்காலில் ஊறிய நெல்லை மேலே எடுத்து, வயல் வாடிக் குடிசைக்குள் அடுக்கி, வைக்கோலால் மூடிப் பாரம் வைத்தால் மூட்டைக்குள் சூடு பிறக்கும். கையை உள்ளே விட்டால் காய்ச்சல்காரப் பிள்ளையின் கழுத்தைத் தொட்டதுபோல் இருக்கும். மறுநாள் வெள்ளை முளை எட்டிப் பார்க்கும். அதன்பின் அந்த நெல்லைக் குத்திச் சமைக்கவும் முடியாது, காயவைத்துத் திரும்பக் கட்டிவைக்கவும் முடியாது. வானம் எப்படி இருந்தாலும் விதைத்தே ஆகவேண்டும். ஆகவே எப்போது விதைப்பது என்ற கேள்வி எங்களுக்கு எப்போது மூட்டையைத் தண்ணீரில் போடுவது என்ற கேள்விதான்.

இப்போது என் பிள்ளைகள் கைத்தொலைபேசியைப் பார்த்து அதைத் தீர்மானிக்கிறார்கள். மரியாதைக்காக என்னிடமும் கேட்பார்கள். "நீங்க என்ன சொல்றீங்க வாப்பா, போடுவமா?" நான் பதில் சொல்வதில்லை. வயதானவருக்கு நிதானம் கூடிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அந்தக் கேள்விக்கு நான் ஒரு தரம் பதில் சொல்லியிருக்கிறேன். அப்போது எனக்கு ஒன்பது வயது இருக்கலாம்.

எங்கள் காணி கல்முனைக்கு மேற்கே, கடல்நீர் ஏரியான களப்பை ஒட்டிய பள்ளத்தில் இருந்தது. பக்கத்து வரம்புக்கு அப்பால் மாமாவின் காணி. மாமா என்றால் உம்மாவின் ஒரே சகோதரர். இரண்டு காணியையும் இருவரும் ஒன்றாகவே செய்தார்கள். விதைநெல்லும் ஒரே வாடியில்தான் இருந்தது. உடல் உழைப்பு பெரும்பாலும் மாமாவுடையது, தீர்மானம் வாப்பாவுடையது. அதில் இருவருக்கும் குறையில்லை.

பள்ளக் காணியில் மாரிகாலப் பெரும்போகம் விதைப்பது லேசான காரியம் அல்ல. சூது ஹராம் என்று சொல்லும் வாப்பா வருடத்துக்கு ஒருமுறை ஆடிய சூது அதுதான். மாரி மழை முழு வேகத்தில் இறங்குமுன் விதைத்துவிட்டால், பயிர் ஒரு சாண் வளர்ந்து, பிறகு வரும் வெள்ளத்துக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டு நிற்கும். பிந்தினால் காணி குளமாகிவிடும். தண்ணீர் வடியும்வரை பார்த்திருந்தால் போகம் தவறிவிடும். விதைத்த கையோடு அடைமழை பிடித்தாலோ முளை சேற்றுக்குள்ளேயே அழுகிப் போகும். முதல் மழைக்கும் பெருமழைக்கும் நடுவில் சில நாள் வெயில் கிடைக்கும். அந்த வெயிலைப் பிடிக்கவேண்டும்.

அந்த வருடம் வெயில் வந்தது. மேட்டுக் காணிக்காரர்கள் எல்லாம் விதைத்துவிட்டார்கள். வாப்பா அசையவில்லை. ஒவ்வொரு நாளும் விடியற்காலை சுபஹ் தொழுகை முடிந்து வந்து முற்றத்தில் சட்டையைக் கழற்றிவிட்டு நிற்பார். வாடைக்காற்று அடங்கிவிட்டதா என்று முதுகால் பார்ப்பார். "குளிருது," என்பார். "இது நிக்கிற வெயில் இல்ல." பிறகு தேத்தண்ணி குடித்துவிட்டு வேறு வேலை பார்ப்பார். எனக்கு அது பெரிய வெட்கமாக இருந்தது. பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் மேட்டுக் காணிக்காரர் ஒருவர் என்னை மறித்து, "உன்ட வாப்பா வெதைக்கிற நேரம் நாங்க வெட்டத் தொடங்கிருவம் மனே, சொல்லு அவர்ட்ட," என்று சிரித்தார். அவருடைய காணி மேடு, எங்களுடையது பள்ளம் என்பது எனக்குத் தெரியாததல்ல. சிரிப்பைக் கேட்டதும் அது மறந்துபோனது.

வெட்கம் மட்டும் என்றால் நான் அதைச் செய்திருக்க மாட்டேன். எனக்கு வேறொரு அவசரமும் இருந்தது.

எங்கள் ஊர்களில் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வருவார். அதனால் பெண்பிள்ளை பிறந்த வீட்டில் கல்லும் மண்ணும் சேர்க்கத் தொடங்கிவிடுவார்கள். என் மூத்த சகோதரி ராத்தாவுக்காக எங்கள் வளவுக்குள்ளேயே ஒரு வீடு எழும்பிக்கொண்டிருந்தது. சுவர் முடிந்துவிட்டது. கூரை அந்தப் போகத்து விளைச்சலில். கூரை ஏறியதும் கலியாணம். மாப்பிள்ளை மாமாவின் மூத்த மகன்.

அந்த மச்சானைப்போல ஒரு மனிதரை நான் அதுவரை கண்டதில்லை. கல்முனைக் கடைத்தெருவில் தையல் வேலை செய்தார். கறுப்புச் சைக்கிள் ஒன்று வைத்திருந்தார். மணியைத் தொடாமல் விசில் அடித்தே ஆட்களை விலக்கிக்கொண்டு வருவார். எனக்குக் கூடப்பிறந்த ஆண் யாரும் இல்லை. கலியாணம் முடிந்தால் அந்த மச்சான் எங்கள் வளவுக்குள் இருப்பார், அந்தச் சைக்கிள் எங்கள் மாமரத்தில் சாய்ந்து நிற்கும் என்பதுதான் என் கணக்கு. ராத்தாவும் அவரை விரும்பினாள் என்பது அந்தக் கணக்கில் இல்லவே இல்லை. அவர் வீதியால் போகும்போது அவள் கிணற்றடியில் வாளியைக் கைநழுவ விடுவாள். கை வழுக்குகிறது என்று நான் நினைத்தேன்.

ஒருநாள் அவரிடமே கேட்டேன், எப்போது எங்கள் வீட்டுக்கு வருவீர்கள் என்று.

"நானாடா வரமாட்டன் எண்டன்? உன்ட வாப்பா வெதைக்கணும், வெளையணும், வெட்டணும், கூரை போடணும். மறுகாதான் நான். அவர் வானத்தப் பாத்துக்கொண்டு நிக்காரு. நீ போய் அவர்ட்டக் கேளு."

அவர் பகிடிக்குச் சொன்னார். நான் அதை அப்படியே எடுத்துக்கொண்டேன். ஒரு வாரம் முந்தி விதைத்தால் மச்சான் ஒரு வாரம் முந்தி வருவார்.

அந்த வாரமே மருதமுனையில் வாப்பாவின் உறவுக்காரர் ஒருவர் மவுத்தானார். ஜனாஸாவுக்காக வாப்பா காலையிலேயே புறப்பட்டார். இரவு அங்கே தங்க நேரும் என்றார். போகும்போது என்னைக் கூப்பிட்டு, "மாமாட்டப் போய்ச் சொல்லு, மூட்டைய இன்னம் போடவேணாமாம். காத்து மாறல்ல. நான் வந்து பாத்துட்டுத்தான் போடுறது," என்றார். ஓம் என்றேன்.

வயல்வெளி முழுக்க வெயில் அடித்துக்கொண்டிருந்தது. மேட்டுக் காணிகளில் பச்சை பிடித்திருந்தது. மாமா வாய்க்கால் ஓரத்தில் மண்வெட்டியோடு நின்றார். என்னைக் கண்டதும், "வாங்க மருமகன், முதலாளி என்ன சொல்லி அனுப்பினாரு?" என்றார். வாப்பாவை அவர் பகிடியாக முதலாளி என்பார்.

"போடச் சொன்னார்," என்றேன்.

எவ்வளவு சுலபமாக வந்தது என்பது இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம். வழியில் எதையும் யோசித்து வைக்கவில்லை. அந்த வெயிலைப் பார்த்தேன், வாய் சொன்னது.

"போடச் சொன்னாரா? நேத்து வேணாம் எண்ட மனிசனெல்லா?"

"ஓம் மாமா. போடச் சொன்னார்."

மாமா வானத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. அவருக்கும் காத்திருந்து அலுத்துவிட்டிருக்கும். மகனின் கலியாணம் அல்லவா. பிஸ்மில்லாஹ் சொல்லி மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிவந்து வாய்க்காலில் இறக்கினார். மிதந்த மூட்டையின் மேல் என்னை ஏறி உட்காரச் சொன்னார். நான் உட்கார்ந்து காலால் தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தேன். அன்றைய மகிழ்ச்சியைப் பொய் என்று சொல்லமாட்டேன்.

மருதமுனையில் வாப்பா நினைத்ததைவிட அதிகம் தங்கவேண்டி வந்தது. அவர் திரும்பி நேரே வாடிக்கு வந்தபோது நானும் அங்கே இருந்தேன். மூட்டைகள் வைக்கோலுக்குள் கிடந்தன. வாப்பா குனிந்து ஒன்றுக்குள் கையை விட்டார். சூடு. கையை வெளியே எடுத்தபோது விரல்களில் முளை ஒட்டியிருந்தது.

"ஆரு போடச் சொன்னது?" என்றார். சத்தம் போடவில்லை.

மாமா என்னைப் பார்த்தார். வாப்பாவும் திரும்பி என்னைப் பார்த்தார். "நீ என்னடா சொன்னாய்?"

"வேணாம் எண்டுதான் சொன்னன்."

வாப்பாவின் இடுப்பில் அகலமான பச்சை வார் ஒன்று இருக்கும். அவர் கை அதில் போனது. இப்போது யோசித்தால் சாரத்தை இறுக்கிக் கட்டுவதற்காகக்கூட இருக்கலாம். மாமா அந்தக் கையைக் கண்டார். உடனே சிரித்தார்.

"புள்ள வேணாம் எண்டு சொன்னவன்தான் மச்சான். நான்தான் வெயிலக் கண்டுட்டு அவசரப்பட்டுட்டன். விடுங்க. அல்லாஹ் காவல், மழ வராது."

எனக்காக அதைச் சொன்னார் என்று அப்போது எனக்குப் படவில்லை. கேட்டால் யாரும் நம்பமாட்டார்கள்: அவர் ஒப்புக்கொண்டதும் எனக்கே அது உண்மைபோலத் தெரிந்தது. சரியாகக் காதில் வாங்காமல் போட்டுவிட்டாராக்கும் என்று நினைக்கத் தொடங்கினேன். பெரியவர் ஒருவர் தானே செய்தேன் என்று சொல்லும்போது பிள்ளை ஏன் மறுக்கவேண்டும்?

முளைத்த நெல்லை வைத்துக்கொண்டிருக்க முடியாது. வாப்பா விதைத்தார். விதைத்த மூன்றாம் நாள் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு வடக்கே கறுத்தது. அந்த மழை விடாமல் பெய்தது. தண்ணீர் வடிய வரம்பில் வக்கடைகளை வெட்டிவிட்டும் பயனில்லை. வெட்டிவிட்ட வழியாலேயே களப்பின் தண்ணீர் உள்ளே வந்தது. மழை விட்டபின் வாப்பா முழங்கால் தண்ணீரில் இறங்கிக் கை நிறையச் சேற்றை அள்ளி மோந்து பார்த்தார். பிறகு கையைக் கழுவினார். இரண்டு வீட்டு விதைநெல்லும் அதோடு முடிந்தது. ராத்தாவின் வீட்டுக் கூரையும்.

அடுத்த காலை மாமா வயல் தண்ணீரில் நனைந்தபடி எங்கள் முற்றத்தில் வந்து நின்றார். வாப்பா அவரை உட்காரச் சொல்லவில்லை.

"நான் சொல்லி அனுப்பினதா இல்லையா?"

"அனுப்பினதுதான் மச்சான்."

"தெரிஞ்சுகொண்டுதான் செஞ்சாய்."

மாமா சாரத்து நுனியைப் பிழிந்தார். என்னைத் தேடிக்கூடப் பார்க்கவில்லை. நான் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்றேன். அவர் என் பெயரைச் சொல்லியிருக்கலாம். வாடியில் ஒரு பிள்ளையை அடியிலிருந்து காப்பாற்றச் சொன்ன சின்னப் பொய், மழை விட்ட பிறகு அவருடைய வாக்காகிவிட்டது. இனி மாற்றினால், தன் தலை தப்பப் பிள்ளையின் மேல் போடுகிறான் என்றுதான் வாப்பா நினைத்திருப்பார். இதை விளங்கிக்கொள்ள எனக்குப் பல வருடம் பிடித்தது.

மாமா போனபின் வாப்பா உம்மாவைப் பார்த்துச் சொன்னார். "மழைய நான் குத்தம் சொல்லல்ல. சொல் கேக்காதவன்ட மகன என்ட வளவுக்குள்ள எடுக்கமாட்டன். லுஹர் தொழுதுட்டு வந்து ஆள் அனுப்புறன்." உம்மா குசினிக் கதவில் சாய்ந்து அழுதாள். "எனக்கு இரிக்கிறது அவன் ஒருத்தன்தானே," என்றாள். வாப்பா தொழப் பள்ளிக்குப் போய்விட்டார்.

அவர் சொன்னபடியே ஆள் போனது. கலியாணம் நின்றது. மாமா தன் காணியைக் குத்தகைக்கு விட்டுவிட்டுச் சாகாமம் பக்கம் யாரோ ஒருவரின் வயலைச் செய்யப் போனார்; பெருநாளுக்குக்கூட அவர் எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை. மச்சான் கொழும்புக்குப் போய் அங்கேயே ஒரு தையல் கடை வைத்தார். இரண்டு போகம் கழித்துக் கூரை ஏறியது. ராத்தாவுக்கு அக்கரைப்பற்றிலிருந்து மாப்பிள்ளை வந்தார். நல்ல மனிதர். அவரோடு அவள் ஐம்பது வருடத்துக்கு மேல் வாழ்ந்தாள். அந்த வாழ்வில் குறை இருந்ததா என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. நான் படித்தேன், உத்தியோகம் பார்த்தேன், நாலு பேருக்கு நியாயம் சொல்லும் இடத்திலும் இருந்தேன். மாமாவின் ஜனாஸாவில் சந்தூக்குப் பெட்டிக்குத் தோள் கொடுத்தேன். வாய் திறக்கவில்லை. வாப்பாவிடமும் சொல்லவில்லை. போன வருடம் ராத்தாவும் மவுத்தான பிறகுதான் இதை எழுதத் துணிகிறேன். இது துணிவுதானா என்று எனக்கே சந்தேகம்.

ஆனால் என்னைத் தூங்கவிடாதது வாடியில் சொன்ன பொய்யும் அல்ல, வாய்க்காலடியில் சொன்ன பொய்யும் அல்ல. வாப்பா பள்ளிக்குப் போயிருந்த அந்தப் பகல் நேரம்தான்.

உம்மா படுத்துவிட்டாள். ராத்தா எனக்குச் சோறு போட்டாள். மழையால் கடலுக்கு யாரும் போகவில்லை, கருவாடு பொரித்திருந்தாள். தனக்கும் ஒரு பீங்கானில் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் உட்கார்ந்தாள். சாப்பிடவில்லை. நான் சாப்பிடுவதைப் பார்த்தபடி மெதுவாகக் கேட்டாள்.

"மாமாட்ட என்ன சொன்னாய் நீ?"

"வேணாம் எண்டுதான் சொன்னன்."

"நல்லா யோசிச்சுச் சொல்லு தம்பி. ஆரும் அடிக்கமாட்டாங்க. நான் இரிக்கன்தானே. வாப்பா வாறத்துக்குள்ள சொல்லு."

அவள் குரல் ஒரு மாதிரி இருந்தது. எனக்கு அடி விழுமோ என்று அவள் பயப்படுகிறாள் என்று நினைத்தேன். அவளுடைய பயத்தைப் போக்கவேண்டும் என்றுகூட நினைத்தேன். முன்பைவிட உறுதியாக, அல்லாஹ்வின் மேல் ஆணையிட்டு, "வல்லாஹி ராத்தா, வேணாம் எண்டுதான் சொன்னன்," என்றேன்.

"சரி," என்றாள். "சாப்பிடு."

நான் இன்னொரு துண்டு கருவாடு கேட்டேன். சட்டியில் இல்லை. அவள் தன் பீங்கானில் இருந்ததை எடுத்து என் சோற்றின் மேல் வைத்தாள். பிறகு தன் சோற்றையும் என் பக்கம் தள்ளிவிட்டாள். ராத்தாவுக்கு அன்று பசிக்கவில்லை என்றுதான் நான் நினைத்தேன்.