நீலம் வெளுக்காமல் எடுத்தவள்

ஆராய்ச்சிக்கூடத்தில் அவளை எல்லோரும் கீரைக்காரி என்றார்கள். முகத்துக்கு நேராகவே சொன்னார்கள், அவளும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்த்தாள். நான் அங்கே டைப்பிஸ்ட். எனக்கு முதுகுக்குப் பின்னால் என்ன பெயர் என்று அவளிடம் கேட்டால் சிரிப்பாளே தவிர சொல்ல மாட்டாள்.

திங்கட்கிழமை காலையில் நாற்பது கிலோ பசலைக்கீரை வந்து இறங்கும். காம்பு கிள்ளிக் கழுவி, குளிர் அறைக்குள் கொண்டுபோய் அரைப்பாள். ஆள் உள்ளே போய் நின்று வேலை செய்கிற அளவுக்கு ஒரு பெரிய குளிர்சாதனப் பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். அரைத்ததை வடிகட்டி, சுழற்றி, உப்புப் போட்டு வேண்டாததைப் பிரித்து, மிச்சத்தை, பொடி மணிகள் நிரப்பிய கண்ணாடிக் குழாயில் ஊற்றுவாள். குழாயின் மேல்பக்கம் செம்பழுப்பாக ஒரு பட்டை ஒட்டிக்கொள்ளும். கீழே நீலமாக ஒன்று மெல்ல இறங்கும். மூன்று வாரம் மாரடித்தால் ஒரு ஸ்பூன் நீலத் தண்ணீர் கிடைக்கும்.

அந்த நீலம் ஒரு புரதம். இலையில் வெயில் பட்டதும் கிளம்பும் எலக்ட்ரானை ஒரு பெரிய புரதத்திடம் வாங்கி இன்னொரு பெரிய புரதத்திடம் கொண்டுசேர்ப்பது அதன் வேலை. அங்கிருந்து அடுத்த கட்டத்துக்குத் தூக்கிக்கொண்டு போவது செம்பழுப்பு. நீலத்தின் உள்ளே ஒரே ஒரு செம்பு அணு இருக்கிறது. எலக்ட்ரானைச் சுமக்கும்போது நிறம் போய்விடும், இறக்கிவைத்ததும் நீலம் திரும்பும். இதன் உருவத்தைக் காண வேண்டுமென்றால் படிகமாக்கி எக்ஸ்ரே கதிரில் காட்ட வேண்டும். ஏழு வருடம் முயன்றும் எங்கள் கூடத்தில் படிகம் வரவில்லை.

அப்போதுதான் கீரைக்காரியின் தங்கை அங்கே ஆராய்ச்சி மாணவியாக வந்து சேர்ந்தாள். அப்பா இல்லாத வீடு. அக்கா பள்ளிக்கூடத்தோடு படிப்பை நிறுத்திக்கொண்டு வேலைக்கு வந்ததால்தான் தங்கை இவ்வளவு தூரம் படித்தாள். வந்த முதல் நாள் மாடிப்படியில் அக்காவை நிறுத்தினாள்.

"இங்க நான் உனக்குத் தங்கச்சி இல்ல. மேடம்னு கூப்பிடு."

அக்கா அதை என்னிடம் வேடிக்கையாகத்தான் சொன்னாள். வீட்டில் ஒரே தட்டில் சாப்பிட்டுவிட்டு, ஒரே பஸ்ஸில் வந்து, கேட்டுக்கு இந்தப் பக்கம் காலை வைத்ததும் மேடம் ஆகிவிடுகிறாள் என்று நடித்துக்கூடக் காட்டினாள். நானும் சிரித்தேன்.

படிகத்தின் சூட்சுமத்தைக் கண்டுபிடித்தது அக்காதான். படிகமாவதற்காக நீலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு வைத்திருந்த தட்டுகளை தினமும் பார்க்கிறவள் அவள் ஒருத்திதான். நீலம் வெளுத்த சொட்டில் வெறும் பொடி தங்குவதையும், நீலம் நிலைத்த சொட்டில் ஊசி ஊசியாக ஏதோ முளைப்பதையும் கவனித்தாள். நிறத்தைக் காக்கும் மருந்தைக் கொஞ்சம் கூட்டினாள். குளிர் அறை மோட்டாரின் அதிர்வு எட்டாத அடி அலமாரிக்குத் தட்டுகளை மாற்றி, தன் பழைய கம்பளிச் சட்டையை மடித்து அடியில் போட்டாள். பத்தொன்பதாம் நாள் குட்டிச் செங்கல் போல நீலப் படிகங்கள் நின்றன. பக்கத்தில் ஆட்கள் இருந்ததால், "மேடம், கொஞ்சம் வந்து பாருங்க" என்றாள்.

உருவம் தெரிந்த அன்று தங்கை வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே அதை விளக்கினாளாம். செம்பை நான்கு பக்கமும் நான்கு பிடிகள் பிடித்திருக்கின்றன. இரண்டு நைட்ரஜன், இரண்டு கந்தகம். எலக்ட்ரான் இருக்கும்போது செம்பு ஒரு மாதிரி உட்கார விரும்பும், இல்லாதபோது வேறு மாதிரி. புரதம் இரண்டுக்கும் விடாமல் நடுவாந்தரமாக இறுக்கிப் பிடித்திருக்கிறது. அதனால்தான் எலக்ட்ரான் தடங்கல் இல்லாமல் வந்து போகிறது.

"அப்போ அதுக்கு எப்பவுமே சௌகரியம் கிடையாதா?" என்று அக்கா கேட்டிருக்கிறாள்.

"அதுக்கு எதுக்கு சௌகரியம்? வேலை நடந்தா போதாதா?"

கட்டுரையை நான்தான் டைப் அடித்தேன். ஆறு பெயர்கள் இருந்தன. ஒரு நாள்கூடக் குளிர் அறைக்குள் எட்டிப் பார்க்காத ஒருவர் பெயரும் இருந்தது. கடைசியில் நன்றி சொல்லும் பத்தியில், மின்சாரம் பழுது பார்த்தவர் வரைக்கும் வந்திருந்தார். அக்கா இல்லை. விட்டுப்போயிற்றோ என்று நான் தங்கையிடமே கேட்டேன். விருந்து சாப்பிட்டவன் காய் நறுக்கினவளையா தேடுவான் என்று சொல்லிவிட்டுத் தாளை வாங்கிக்கொண்டாள். அதை நான் அக்காவிடம் சொல்லவில்லை. வீட்டில் அவளுக்கும் அதே பதில்தான் கிடைத்தது என்று பிறகு தெரிந்தது.

அக்காவின் விரல்கள் அதற்கு முன்பே கெட ஆரம்பித்திருந்தன. குளிரில் சுண்ணாம்பாக வெளுக்கும், பிறகு கருநீலமாகும், வெளியே வந்ததும் நெருப்பாக எரியும். வேலைக்கு வந்த பதினேழாவது வருடம் வலது கையில் இரண்டு நுனிகள் புண்ணாகி ஆறவே இல்லை. இனிமேல் குளிரில் கை வைத்தால் விரலை எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அதற்குள் கூடத்தை நடத்தி வந்த பேராசிரியர் ஓய்வு பெற்று, தங்கைதான் தலைவி. அக்கா அந்தச் சீட்டோடு அறைக்குள் போய், கண்ணாடிச் சாமான் கழுவுகிற வேலையாவது கொடுங்கள் என்று கேட்டாள். குறிப்பெடுக்க நானும் உள்ளே இருந்தேன்.

"உங்க பணியிடம் குளிர் அறைக்கானது. அத செய்ய முடியலன்னா பணியிடமே இல்லன்னு அர்த்தம். நான் ஒண்ணும் பண்ண முடியாது."

தங்கை அக்காவை 'நீங்க' என்று பேசி அன்றுதான் கேட்டேன். வேலை முடிந்ததற்கான கடிதத்தையும் நான்தான் அடித்தேன். ஒரு எழுத்துப் பிழைகூட இல்லாமல் அடித்தேன். வீட்டில் அம்மா, பெரிய இடத்தில் இருக்கிறவளுக்கு இடைஞ்சல் கொடுக்காதே என்று பெரியவளைத்தான் அதட்டினாள்.

அடுத்த வருடம் தங்கைக்கு நிறமற்ற படிகம் தேவைப்பட்டது, எலக்ட்ரான் உள்ளே இருக்கும் நிலையில். அதற்கும் முதலில் நீலப் படிகம் வளர்த்து, பிறகு எலக்ட்ரானை ஏற்றி வெளுக்க வைக்க வேண்டும். இரண்டு உருவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்ட வேண்டும். வேறொரு ஊரிலும் அதே முயற்சி நடந்துகொண்டிருந்தது. இங்கே மாணவர்கள் அரைத்தார்கள், அரைத்தார்கள், சகதிதான் வந்தது. தலைவியானதும் தனி வீடு போயிருந்தவள், ஒரு ஞாயிற்றுக்கிழமை நோட்டுப் புத்தகத்தோடு அக்கா வீட்டுக்கு வந்து, எப்படிச் செய்வாய் என்று கேட்டாள்.

அக்கா உட்காரச் சொன்னாள். காபி கொடுத்தாள். வரி வரியாகச் சொன்னாள். ஒரு வரியை மட்டும் விட்டுவிட்டாள். கரைசலின் அமிலத்தன்மையை வெளி மேஜையில் அளக்கக் கூடாது, குளிர் அறைக்குள்ளேயே நின்று அளந்து சரிசெய்ய வேண்டும். குளிரில் அந்த அளவு மாறிவிடும். அந்தக் கொஞ்சூண்டு வித்தியாசத்துக்கே படிகம் திரளாது.

எட்டு மாதம் போயிற்று. தங்கையே கையுறை போட்டுக்கொண்டு குளிர் அறைக்குள் நின்றாள். மறுபடி வந்து கேட்டாள். அக்கா பொறுமையாக முதலிலிருந்து சொன்னாள், அதே வரியை விட்டுவிட்டு. அன்றைக்கு அவளுக்கு நல்ல தூக்கம் வந்ததாம். இதை அவள் என்னிடம் கொஞ்சமும் கூச்சமில்லாமல் சொன்னாள்.

அந்த வேறு ஊர்க்காரர்கள் முந்திக்கொண்டார்கள். அவர்கள் கட்டுரையில் குளிரில் அளக்கும் விஷயம் தெளிவாக எழுதியிருந்தது. தங்கை அதைப் படித்துவிட்டு நேராக அக்காவிடம் வந்தாள்.

"வேணும்னேதான விட்ட?"

"ஆமா."

அவ்வளவுதான் பேச்சு. மறுநாள் அம்மாவைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போய்விட்டாள். கிளம்பும்போது அம்மா, உனக்கு மனசு என்று ஒன்று இருக்கிறதா என்று பெரியவளிடம் கேட்டாளாம். கதவைச் சாத்தியதும் பசித்தது, தோசை வார்த்து மூன்று சாப்பிட்டேன் என்றாள் அக்கா. அதற்கு அடுத்த மாதம் ஆள்காட்டி விரலின் நுனியை எடுத்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனவன் நான் ஒருவன்தான்.

தங்கைக்கு ஒன்றும் குறையவில்லை. ஆறு மாதத்தில் செம்பழுப்புப் புரதத்துக்கு மாறிவிட்டாள். அதற்குக் கீரையே வேண்டாம். பாக்டீரியாவுக்குள் வைத்து வளர்த்தால் ஒரு வாரத்தில் புட்டி புட்டியாக வந்துவிடுகிறது. நீலத்தையும் இனி அப்படித்தான் எடுக்கப் போகிறார்கள். குளிர் அறையைக் காலி செய்து நாற்காலி அடுக்கியிருக்கிறார்கள். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். போன வாரம் அக்காவைப் பார்க்கப் போனபோது இதையெல்லாம் சொல்லிவிட்டேன்.

நுனி போன விரலை மற்றக் கையால் தடவிக்கொண்டாள்.

"அப்போ அதுல யாருக்கும் கை நோகாதா?" என்றாள்.

நோகாது என்றேன்.