வீட்டுக்குள் கறுத்த நீலம்

துபாயில் வேலையை முடித்துக்கொண்டு ஏரலுக்குத் திரும்பியபோது மனைவிக்கு ஒரு நீலக்கல் மோதிரம் வாங்கி வந்தேன். கடையின் வெள்ளை விளக்குகளுக்குக் கீழே அதைத் திருப்பத் திருப்ப, உள்ளே தண்ணீர் அசைவதுபோல இருந்தது. எங்கள் வீட்டு மஞ்சள் பல்பில் அது மைச்சொட்டு மாதிரி கறுத்துப்போனது. ஏமாந்துவிட்டேன் என்று நினைத்தேன். அவளோ அன்றைக்குப் போட்டவள் கழற்றவே இல்லை. மாவு பிசைவது, மீன் கழுவுவது எல்லாம் அந்தக் கையால்தான். கல் மேலும் மங்கியது. நான் அந்த விரலைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன்.

போன மழைக்காலத்தில், பித்தப்பையில் கல் என்று அவளுக்குத் திருநெல்வேலியில் ஆபரேஷன். உள்ளே கூட்டிப்போகும் முன் நர்ஸ் மோதிரத்தைக் கழற்றி என் கையில் தந்தார். அறை ஜன்னலுக்கு வெளியே ஆறு கலங்கலாகப் போய்க்கொண்டிருந்தது. துஆ ஓதிக்கொண்டே மோதிரத்தைக் கவிழ்த்துப் பார்த்தேன். கல்லின் அடியில் மாவும் எண்ணெயும் களிம்பாக அடைத்திருந்தன. கை சும்மா இருக்கவில்லை. வெந்நீரில் சோப்பைக் கரைத்து ஊறவைத்து, அவளுக்கென்று கொண்டுவந்திருந்த புது பிரஷ்ஷால் பையத் தேய்த்தேன்.

துடைத்து ஜன்னலருகே பிடித்தேன். உள்ளே போன வெளிச்சம் கல்லின் அடியில் தீட்டிய பட்டைகளில் பட்டு மேலே திரும்பி வந்தது. மேகம் நகர நகர நீலம் ஆழமானது, வெளுத்தது, மறுபடி ஆழமானது. ஆறே கல்லுக்குள் போவதாகவும் நான் அதன் கரையில் நிற்பதாகவும் தோன்றியது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ, யாரோ தோளைத் தொட்டு, நல்லபடியாக முடிந்தது என்றார்கள்.

சாயங்காலம் அவள் கண் திறந்தாள். மோதிரத்தைக் காட்டி, கல்லுக்கு இப்போதுதான் உயிர் வந்திருக்கிறது என்றேன். பாதித் தூக்கத்தில் சிரித்தாள்.

"காலையில மாடியில துணி காயப்போடும்போது தெனமும் பாக்கேன். அழுக்கு இருந்தாலும் வெயில்ல நல்ல நீலந்தான். நீங்க வீட்டுக்குள்ள இருந்துல்லா பாக்கீங்க."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீங்க கேக்கவே இல்லயே."

சொல்லிவிட்டு மறுபடி தூங்கிப்போனாள். குளுக்கோஸ் ஏற்றி விரல்கள் வீங்கியிருந்ததால் மோதிரம் ஏறவில்லை. ஊர் திரும்பும்வரை என் சுண்டுவிரலில் போட்டிருந்தேன்.

வீட்டில் வீக்கம் வடிந்து மோதிரம் அவள் விரலுக்கே திரும்பியது. அவளுக்குக் கொஞ்சம் தெம்பு வந்ததும் ஒரு காலையில், துணிக்கூடையை நான் தூக்கிக்கொண்டு முன்னால் மாடி ஏறினேன். அவள் சுவரைப் பிடித்தபடி பைய வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். துணியெல்லாம் காயப்போட்ட பிறகும், வெயில் சுடும்வரை நாங்கள் கீழே இறங்கவில்லை.