தள்ளினால் கிளம்பும்

என் கணவர் கார் வாங்கியபோது அதில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. பின்சீட்டில் உட்கார்ந்து வருவதுதான் என் பங்கு என்று இருவருமே நினைத்திருந்தோம். எழுபதுகளின் கடைசி அது. உத்திரமேரூர் பஜாரில் அவருக்கு உரக்கடை இருந்தது. ஊருக்கு வெளியே கொஞ்சம் நிலம், ஒரு பம்புசெட். செங்கல்பட்டில் ஒரு டாக்டர் பல வருஷம் ஓட்டிய கார் விலைக்கு வருகிறது என்று யாரோ சொல்ல, காலையில் பஸ்ஸில் போனவர் சாயங்காலம் காரில் வந்தார்.

சாம்பல் நிறம். நான்கு கதவில் மூன்று திறக்கும். கம்பெனி பெயரைச் சொல்லப் போவதில்லை. அதன்மேல் ஒரு தப்பும் கிடையாது.

"டாக்டர் வண்டி. நோவாம ஓட்டிக்கீறாரு" என்றார் என் கணவர், பேனட்டைத் தடவியபடி.

முதல் மாதம் ஒழுங்காக ஓடியது. அதற்குப் பிறகு நிற்க ஆரம்பித்தது. இருமல், நடுக்கம், புகை என்று முன்கூட்டி எதுவும் தெரிவிக்காது. நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே சத்தம் அடங்கி, கொஞ்ச தூரம் சும்மா உருண்டு, ஓரத்தில் நின்றுவிடும். செல்ஃப் என்று ஒரு குமிழ் இருந்தது. அதை இழுத்தால் இன்ஜின் கர் கர்ரென்று சுற்றும். சுற்றுமே தவிர பிடிக்காது. அவர் இழுத்துக்கொண்டே இருப்பார். கடைசியில் பேட்டரியும் படுத்துவிடும்.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மெக்கானிக் இருந்தார். ஒல்லியான, சிரிக்காத மனிதர். பேனட்டைத் திறந்து ஒரு வயரைப் பிடுங்கி இரும்புக்குப் பக்கத்தில் காட்டிப் பார்ப்பார். பொறி வந்தால் தலையாட்டுவார். வராவிட்டாலும் தலையாட்டுவார்.

"பெட்ரோல் வருது மொதலாளி. கரண்ட்தான் கட்டாவுது."

"இன்னாத்தால?"

"அதாங்க பாக்கணும்."

பார்த்தார். முதலில் பாயிண்டைத் தேய்த்துப் போட்டார். பிறகு பாயிண்டையே மாற்றினார். அப்புறம் கண்டென்சர், அப்புறம் காயில், அப்புறம் பிளக்குகள், அதன்பின் பிளக்குக்குப் போகும் வயர்கள். ஒவ்வொன்றை மாற்றியதும் கார் சில நாள் ஓடும். என் கணவர் கடையில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுப்பார். மறுபடி நிற்கும். கழற்றிய சாமான்களை வீட்டுக்குக் கொண்டுவந்து ஜன்னல் மேடையில் வரிசையாக வைத்தார்.

நின்ற காரைத் தள்ளினால் கிளம்பும். அதற்கு ஒருவர் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்து, சாவியைத் திருப்பி, இரண்டாவது கியரில் போட்டு, கிளட்சை மிதித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். வண்டி வேகம் பிடித்ததும் கிளட்சை விட வேண்டும். என் கணவரும் கொழுந்தனாரும் நல்ல உடம்புக்காரர்கள். அவர்களில் ஒருவர் உள்ளே உட்கார்ந்தால் தள்ளுவதற்கு மிஞ்சுவது மற்றவரும் நானும். ஒருமுறை அப்படித் தள்ளிப் பார்த்தோம். கார் நகரவில்லை, என் செருப்புதான் அறுந்தது.

"இந்தாமே, நீ உள்ள குந்து" என்றார் என் கணவர்.

நடு பஜாரில், மாலை நேரம். பூக்கடைக்காரி கட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தேன். நான் குள்ளம். கால் எட்டுவதற்காக சீட்டை முன்னால் இழுத்தால் முழங்காலில் சாவிக்கொத்து இடித்தது.

அந்தக் கொத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாமனார் இறந்த பிறகு வீட்டுச் சாவிகள் எல்லாம் மூத்த மகனான என் கணவரிடம் வந்தன. கடை ஷட்டர் சாவிகள், குடோன் சாவி, பீரோ சாவி, பம்புசெட் அறைச் சாவி, யாருக்கும் எதற்கென்று தெரியாத சில சாவிகள், பழைய வாசல் கதவின் சாண் நீள இரும்புச் சாவி. இவை ஒரு வளையத்தில். வளையத்தின் மேல் ஒரு சிறு சங்கிலி. சங்கிலியின் நுனியில் கார் சாவி. அந்தக் கொத்தை அவர் ஒருவரிடமும் கொடுத்ததில்லை. பீரோவில் புடவை எடுக்க வேண்டுமென்றால் கடைக்குச் சொல்லி அனுப்புவேன், அவரே வந்து திறந்துவிட்டுப் போவார்.

முழங்காலில் இடித்ததால் கொத்தைத் தூக்கிக் கண்ணாடிக்குக் கீழே இருந்த பலகைமேல் வைத்தேன். பின்னாலிருந்து "வுடு" என்று கத்தினார்கள். விட்டேன். கார் துள்ளிக் கிளம்பிவிட்டது. எப்படி நிறுத்துவது என்று யாரும் சொல்லித் தரவில்லை. என் கணவர் பக்கத்தில் ஓடிவந்து கையை உள்ளே விட்டுச் சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தார். பிறகு மறுபடி தள்ளினார்கள்.

நான் இறங்கியதும் அவர் உட்காருவார். கண்ணாடியில் கீறல் விழும் என்று கொத்தைக் கீழே இறக்கித் தொங்கவிடுவார். கொஞ்ச தூரம் ஓடும். பள்ளத்தில் இறங்கினால் நிற்கும்.

கொழுந்தனார் ஒருநாள் சொன்னார்: "அண்ணி குந்தினா எடுக்குது, அண்ணன் குந்தினா நிக்குது."

என் கணவர் சிரிக்கவில்லை. அன்று ராத்திரி சாப்பாட்டில் மோர் வேண்டாம் என்றுவிட்டார்.

மெக்கானிக்கும் கை விரித்துவிட்டார். "எல்லாம் புதுசு போட்டாச்சு மொதலாளி. இனிமே மாத்தணும்னா உங்களத்தான் மாத்தணும்" என்றார். அவர் வேடிக்கையாகச் சொன்னாரா என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

ஒரு வெயில் நாளில் என் அப்பாவுக்கு நெஞ்சு வலி என்று பஸ் கண்டக்டர் ஒருவர் சேதி கொண்டுவந்தார். என் பிறந்த ஊர் கூரம், காஞ்சிபுரத்துக்கு அந்தப் பக்கம். காரில் போனால் சீக்கிரம் போகலாம் என்றார் என் கணவர். அந்த நேரத்தில் அதை எதிர்த்துப் பேச எனக்குத் தெம்பில்லை. ஊர் எல்லை தாண்டுவதற்குள் முதல்முறை நின்றது. களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்தவர்கள் வந்து தள்ளினார்கள். கிளப்பும்போது ஸ்டியரிங்கில் நான், கிளம்பியதும் அவர். ஓரிக்கைக்கு வருவதற்குள் இன்னும் இருமுறை. கடைசித் தடவை சாலை இறக்கமாக இருந்ததால் அவர் தனியாகவே தள்ளி, வேர்த்து ஒழுகி, கதவருகே வந்து "எறங்கு" என்றார்.

நான் இறங்கவில்லை. அப்பா எப்படி இருக்கிறாரோ என்பதைத் தவிர மனசில் ஒன்றும் இல்லை.

"நா எறங்குனா நின்னுடும். நீங்க அந்தப் பக்கம் ஏறுங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், சாலையைப் பார்த்தார், அந்தப் பக்கம் போய் ஏறினார். அந்தப் பக்கத்துக் கதவுதான் திறக்காத கதவு. பின்கதவு வழியாக ஏறி, சீட்டைத் தாண்டி முன்னால் வந்து விழுந்தார். நான் இரண்டாவது கியரிலேயே போனேன். காஞ்சிபுரம் கடைத்தெருவில் அவர் "லெப்டு, லெப்டு" என்றும் "மாடு, மாடு" என்றும் சொல்லிக்கொண்டு வந்தார். கார் ஒருமுறைகூட நிற்கவில்லை.

கூரத்தில் அப்பா கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். முந்தின நாள் கல்யாண வீட்டில் பலாப்பழம் அதிகமாகிவிட்டதாம். நான் காரை வைக்கோல் போரில் முட்டி நிறுத்தியதைப் பார்த்தார். இவர் பக்கம் திரும்பினார்.

"இன்னா மாப்ள, கைல அடி கிடி பட்டுச்சா?" என்றார்.

"இல்ல மாமா" என்றார் இவர். நான் சமையலறையில் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதேன். அப்பாவுக்காகவா, ஓட்டி வந்த பயத்துக்காகவா என்று இன்றும் தெரியாது.

திரும்பிய மறுநாள் மெக்கானிக் ஒரு யோசனை சொன்னார். முதலில் நான் ஓட்ட, அவர் பக்கத்தில் இருப்பார். பிறகு என் கணவர் ஓட்ட, அவர் பக்கத்தில் இருப்பார். ஏரிக்கரை வரை நான் ஓட்டினேன். கார் குழந்தை மாதிரி வந்தது. பிறகு இவர் உட்கார்ந்தார். நான் பின்சீட்டின் நடுவில். இவர் வழக்கம்போலக் கொத்தை இறக்கித் தொங்கவிட்டார். மதகுக்கு முன்னால் ஒரு பள்ளம். கார் குதித்தது, கொத்து ஒரு ஆட்டம் ஆடிக் கீழே இழுத்தது, அதே நொடியில் இன்ஜின் அடங்கியது. நான் இரண்டையும் சேர்த்துப் பார்த்துவிட்டேன்.

"சாவிதான் இழுக்குது" என்றேன்.

"இன்னா சாவி?"

"கொத்துதாங்க. எனக்கு முட்டிய இடிக்குதுன்னு மேல எடுத்து வெச்சுடுவேன். நீங்க தொங்க வுடறீங்க."

மெக்கானிக் கொத்தை மேலே வைத்து செல்ஃப்பை இழுத்தார். உடனே பிடித்தது. கொத்தை ஒரு விரலால் கீழே இழுத்தார். நின்றது. மறுபடி தூக்கி செல்ஃப்பை இழுத்தார். பிடித்தது. விரலால் இழுத்தார். நின்றது. அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

"சுவிட்ச் உள்ள தேஞ்சு போய்க்கீது மொதலாளி. இத்தினி கனம் தொங்கினா தேயாம இன்னா பண்ணும்?"

என் கணவர் அதை நம்புவதற்கு நேராகக் கடைக்குப் போனார். கொத்தைத் தராசின் ஒரு தட்டில் வைத்து, மறு தட்டில் அரைக்கிலோ படிக்கல்லை வைத்தார். கொத்து இருந்த தட்டு இறங்கியது. கொத்தை எடுத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தார். உரம் வாங்க வந்த ஒருவர், "இது எவ்ளோ?" என்று விலை கேட்டார்.

புது சுவிட்ச் சென்னையிலிருந்து வந்தது. அதில் இனிக் கார் சாவி மட்டும்தான் என்று மெக்கானிக் உறுதியாகச் சொல்லிவிட்டார். கொத்தை என்னிடம் கொடுப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் பை வைத்த பச்சை பெல்ட் ஒன்று வாங்கி, வேட்டிமேல் இறுக்கி, கொத்தை அதில் மாட்டிக்கொண்டார். பீரோவுக்கு அப்போதும் ஆள் அனுப்பித்தான் கூப்பிட வேண்டியிருந்தது.

கார் சரியானபின் அவர் ஓட்டுவார் என்றுதான் நினைத்தேன். காலையில் கிளப்பி வைத்துவிட்டு, "நீயே குந்து" என்பார். கார் ஓட்டுவது அவருக்குப் பிடிக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. கார் வைத்திருப்பதுதான் பிடித்திருந்தது. பக்கத்தில் உட்கார்ந்ததும் தூங்கிவிடுவார்.

லைசென்ஸ் எடுக்கவும் அவர்தான் காஞ்சிபுரத்துக்குக் கூட்டிப்போனார். இன்ஸ்பெக்டர் என்னோடு ஏறி, ஒரு சுற்று ஓட்டச் சொன்னார். ஓட்டினேன். வேப்ப மரத்தடியில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டு மறுபடி கிளப்பச் சொன்னார். சாவியைத் திருப்பினேன். இரண்டாவது கியரில் போட்டேன். கிளட்சை மிதித்துக்கொண்டு காத்திருந்தேன்.

அவரும் காத்திருந்தார்.

"இன்னாம்மா, ஸ்டார்ட் பண்ணுங்க."

"ஆளு வரணுமே சார்."

"எந்த ஆளு?"

"தள்ற ஆளு."

மரத்தடியில் நின்றிருந்த என் கணவர் ஜன்னல் வழியாகக் கையை விட்டு செல்ஃப் குமிழைத் தொட்டுக் காட்டினார். அதை அவர் எத்தனையோ தடவை இழுத்துப் பார்த்திருக்கிறேன். மெக்கானிக் இழுத்துக் கிளம்பியதையும் பார்த்ததுண்டு. ஆனாலும் நான் இழுத்தால் கார் கிளம்பும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. கியரை எடுத்துவிட்டு இழுத்தேன். கிளம்பியது. இன்ஸ்பெக்டர் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

பிறகு பல வருஷம் சுற்றுக் கிராமங்களுக்கு உர மூட்டைகளை அந்தக் காரில்தான் கொண்டுபோனேன். ஒருநாள் மானாம்பதியில் மூட்டையை இறக்கிவிட்டுத் திரும்பும்போது, ஒரு வயசான பெண்மணி சாலை நடுவில் நின்று கையைக் காட்டினாள். மடியில் ஒரு கோழியோடு பின்சீட்டில் ஏறினாள். உத்திரமேரூர் வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. சந்தைக்கு எதிரே இறங்கி, முந்தானையை உதறிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அடுத்த வாட்டி கொஞ்சம் சுருக்க வாமே. வெயில் ஏறிடுது" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.